ஆமை வக்கீலும் அவசரக் கரடியும்

கரடி தேன் கம்பெனி நடத்திய காலத்தில், காட்டுச் சட்டம் காலையில் ஒன்றாக இருக்கும். பல் விளக்கிவிட்டு வருவதற்குள் வேறொன்றாகியிருக்கும். அதையெல்லாம் படித்துச் சொல்லக் கம்பெனிக்கென்று ஒரு வக்கீல் இருந்தது. ஆமைதான். அது ஒரு ஒப்பந்தத்தைப் படித்து முடிப்பதற்குள் பூவெல்லாம் காயாகிவிடுகிறது என்று கரடிக்குத் தீராத புகைச்சல்.

அந்த வருஷம் மழை இல்லாமல் பூவும் குறைந்துபோனதில் கரடிக்கு அவசரம் கூடிவிட்டது. கண் இமைப்பதற்குள் எதையும் படித்துவிடும் கிளி ஒன்றைக் கொண்டுவந்து உட்காரவைத்தது.

"யானைங்களோட மலைச்சரிவுல தேன் எடுக்கிற ஒப்பந்தம் வந்திருக்கு. கிளி சரின்னு சொல்லிடுச்சு, நான் கையெழுத்துப் போடப்போறேன். நீங்க சாயங்காலம் அலமாரியைக் காலி பண்ணிடுங்க, வக்கீலய்யா," என்றது கரடி.

ஆமை அலமாரிப் பக்கம் திரும்பியது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "எந்த விதிப்படி சரி, கண்ணு?" என்று கிளியைக் கேட்டது.

"விதி எழுபத்தேழு."

"சட்டத்துல மொத்தமே அறுபது விதிதானே இருக்கு?"

"மன்னிக்கணும். விதி எழுபத்தெட்டு."

கரடியின் பேனா அந்தரத்தில் நின்றது. "நாளைக்கு வழக்குன்னு வந்தா சிங்கராஜா முன்னால யார் போய் நிக்கிறது?"

கிளி பறந்துபோய் உத்தரத்தில் உட்கார்ந்துகொண்டது. ஆமை கழுத்தை முழுசாக நீட்டியது.

"வழக்கம்போல நான்தான். வேற யாருக்கு முதுகுல ஓடு இருக்கு?"

கரடி மூக்கைச் சொறிந்துகொண்டே ஒப்பந்தத்தை ஆமையின் பக்கம் நகர்த்தியது. "அலமாரி அங்கேயே இருக்கட்டும்."

ஆமை உத்தரத்தை அண்ணாந்து பார்த்தது. "எறங்கி வா கண்ணு. எழுத்தெல்லாம் பொடிசா இருக்கு. நீ வாசி, நான் யோசிக்கிறேன்."