தலை பின்னும் நேரம்

சீப்பை எடுத்துக்கொண்டு அவள் மகளின் அருகே போனாள்.

"வேண்டாம்மா. நானே பின்னிக்கிறேன்."

சின்னவள் கனிஷ்கா கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

அவள் சீப்பைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள்.

பெரியவளின் காரியம் முடிந்து, சின்னவள் பள்ளிக்குப் போகும் முதல் நாள் இது. பெரியவளுக்கு டெங்கு. காய்ச்சல் விட்டதும் இனிப் பயமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மறுநாள் பெரியவள் மௌனிகா இல்லை.

சின்னவள் வகிடு எடுத்தாள். கோணலாகப் போனது. கலைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். ஒரு பக்கத்து முடியை மூன்றாகப் பிரித்தாள். கைகள் காதுக்குப் பின்னால் போனதும், எந்தப் பிரி எதன்மேல் வர வேண்டும் என்று விரல்களுக்குத் தெரியவில்லை.

முடி அவிழ்ந்து தோளில் விழுந்தது.

மறுபடி பிரித்தாள்.

மறுபடி விழுந்தது.

கதவோரம் நின்றவளுக்குப் புரியவில்லை. தலை பின்னத் தெரியாத பிள்ளை இல்லையே.

சின்னவள் இரண்டாம் வகுப்புக்குப் போன வருடம், பனியன் கம்பெனி வேன் காலையில் சீக்கிரமே வரத் தொடங்கியது. சோறாக்கி, டப்பா கட்டி, இரண்டு தலைகளும் பின்னிவிட்டுக் கிளம்ப முடியவில்லை. ஒரு நாள் இரண்டு பேரையும் நிறுத்திவைத்துச் சொன்னாள்.

"பெரிய புள்ளைக ஆயிட்டீங்க. இனி உங்க தலைய நீங்களே பாத்துக்கோணும், சாமி."

கொஞ்ச நாள் அழுதார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள். சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது, நான்கு சடைகளும் காலையில் பின்னியபடியே கலையாமல் இருக்கும். வேனில் பக்கத்தில் உட்காருபவர்களிடம் பெருமையாகச் சொல்வாள். "என்ற புள்ளைக தலைய அதுகளே பின்னிக்கும்."

எப்படிப் பின்னிக்கொள்கிறார்கள் என்று அவள் பார்த்ததில்லை.

இப்போது பார்த்தாள்.

சின்னவள் ஒரு நாளும் தன் தலையைத் தானே பின்னியதில்லை.

அக்கா தலையைத் தங்கை. தங்கை தலையை அக்கா.

அவள் தரையில் உட்கார்ந்தாள். மகளை இழுத்து முன்னால் உட்காரவைத்துக்கொண்டாள். பின்னத் தொடங்கினாள். கைக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. சடை தொளதொளவென்று வந்தது.

"அக்கா இறுக்கமாப் பின்னும்."

அவிழ்த்தாள். இறுக்கிப் பின்னினாள். மடித்து ரிப்பன் கட்டினாள். ஒன்று மேலே, ஒன்று கீழே.

சின்னவள் இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனாள்.

நின்றாள்.

கைகளைப் பாவாடையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். ஏதோ ஒரு வேலையைச் செய்யாமல் கிளம்புகிறவளைப் போல உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

பையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

"எந்திரிக்காதம்மா. அப்படியே உக்காரு."

"எதுக்கு சாமி?"

"உக்காரும்மா."

சின்னவள் அவளுக்குப் பின்னால் மண்டியிட்டாள். அம்மாவின் கொண்டையை அவிழ்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து வாராத முடி.

நுனியில் தொடங்கி மேலே மேலே சிக்கெடுத்தாள். வலிக்கவேயில்லை. வகிடு ஒரே இழுப்பில் நேராக விழுந்தது. மூன்று பிரிகளும் ஒன்றன்மேல் ஒன்று விறுவிறுவென்று ஏறின. விரல்கள் எங்கும் தடுமாறவில்லை.

தெருவில் பள்ளிக்கூட ஆட்டோ ஹாரன் அடித்தது.

அவள் வாசல் பக்கம் திரும்ப முயன்றாள்.

"தலைய ஆட்டாதக்கா."

விரல்கள் நின்றுவிட்டன.

அவள் திரும்பவில்லை. தலையை நேராக வைத்துக்கொண்டாள்.

அந்த விரல்கள் மறுபடி நகரும்வரை, அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.