கொடிக்குக் கொடி இருபது செகண்ட்

ஆர்த்தியின் தலைவிதி மணிகண்டராஜின் கட்டைவிரலில் இருந்தது. அவளுடைய பாய்மரப் படகு இரண்டாவது கொடியைத் தாண்டியதும் அவன் ஸ்டாப்வாட்சை அழுத்தினான்.

"இருபத்திநாலு," என்றான். குரல் கம்மியது.

ஆர்த்தியின் அப்பா காசிராஜன் சிரித்தார். பட்டாசுக் கம்பெனி முதலாளி. மகளிடம்கூடத் தோற்றுப் பழகாதவர். "அம்புட்டுத்தான் தாயி. தை பிறந்ததும் முகூர்த்தம்."

ஆர்த்தி இடுப்பளவுத் தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சென்னையில் படிக்கும்போது பழகிய படகு. இந்திய அணிப் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்திருந்த நேரத்தில்தான், சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் குடும்பத்தில் அப்பா மாப்பிள்ளையை முடிவு செய்தார்.

"நூறு மீட்டரை இருபது செகண்டுல தாண்டுவேன்ப்பா" என்று அவளே ஒருநாள் பெருமையடித்திருந்தாள். அதையே அவர் பிடித்துக்கொண்டார். "தாண்டிக் காட்டு, முகாமுக்குப் போ. இல்லைன்னா பேசாமக் கழுத்த நீட்டு."

அந்த 2005 அடைமழையில் மல்லாங்கிணறு பக்கத்துக் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. பட்டாசு லோடு ஏற்றும் லாரியிலேயே படகு வந்து இறங்கியது; நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு கொடிகள் நட்டார்கள். நேரம் பார்க்க அப்பா யாரை நிறுத்தினார்? அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனையே!

"மாமா, நடுவுல காத்து விழுந்துருச்சு. இன்னொரு தடவ விட்டுப் பாப்போமே," என்றான் மணிகண்டராஜ்.

பெருந்தன்மையாம்! ஆர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாப்பிள்ளைக்குத் தங்கமான மனசு," என்று பூரித்தார் காசிராஜன். "சரி, இதான் கடைசி."

முதல் கொடியருகே நின்ற டிரைவர் சீனிச்சாமி, படகு தாண்டியதும் சிவப்புத் துண்டை வீசினார். காற்று பாயை நிறைத்தது. ஆர்த்தி உடம்பை வெளியே சாய்த்துப் படகை நிமிர்த்தினாள். தண்ணீர் முகத்தில் அறைய அறையப் பறந்தாள்.

பாதி தூரத்தில் காற்று சட்டென்று திசை மாறியது. பாய் படபடவென்று அடித்துத் தொய்ந்தது. கயிற்றை இழுத்துச் சரிசெய்வதற்குள் வேகம் செத்துப்போயிற்று.

கொடியைத் தாண்டும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. போன தடவையைவிட மோசம். கரையில் அப்பா நின்றார்; அவருக்குப் பின்னால் கல்யாண மண்டபமே எழுந்து நிற்பது போலிருந்தது.

"பத்தொன்பது!" என்று கத்தினான் மணிகண்டராஜ்.

காசிராஜன் வாட்சைப் பிடுங்கிப் பார்த்தார். பத்தொன்பதுதான். "ஊந்துக்கிட்டு வந்த மாதிரில்ல இருந்துச்சு?" என்று முனகினார். ஆனால், பெண்ணை இழக்கப் போகிறவனே சொல்லும்போது எப்படிச் சந்தேகப்படுவது?

"சொன்ன சொல்லு சொன்னதுதான். முகாமுக்குப் பொறப்படு," என்று விறைப்பாகச் சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

ஆர்த்தி சொட்டச் சொட்டக் கரையேறினாள். இத்தனை நாளும் இந்த மனிதனையா மனசுக்குள் திட்டினோம் என்று கூசியது.

"வாட்ச முன்னாலேயே அழுத்திட்டீக. எனக்குத் தெரியும்," என்றாள் மெல்ல. கண் கலங்கியது. "எனக்காக உங்க கல்யாணத்தையே விட்டுக் குடுத்துட்டீகளே..."

மணிகண்டராஜ் கார் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"உங்களுக்காக யாருங்க செஞ்சா? நானும்ல தப்பிக்கணும்!"