வெள்ளிமலைக்குப் போன மகன்

"குஞ்சம்மா, நம்ம புள்ள எங்க?" பச்சமுத்து மறுபடியும் கேட்டார்.

வாசல் பக்கம் போவதற்காக எழுந்த அவர் மனைவி நின்றாள். "எத்தினி வாட்டி சொல்றது? வெள்ளிமலைக்குப் போயிக்கிறான். ஜீப்புல சாமை மூட்டை ஏத்திக்கினு வந்துருவான்." சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டாள்.

எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மலர்விழிக்கு எரிச்சலாக வந்தது. வெள்ள நிவாரண முகாம்களில் இருக்கும் வயதானவர்களின் மனநலத்தைக் கவனிப்பதற்காகக் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் அவளை அனுப்பியிருந்தது. வெள்ளம் வடிந்து பலரும் ஊர் திரும்பிவிட்டார்கள். வீடே போனவர்கள் மட்டும் இன்னும் முகாமாக இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள்.

"தாத்தா, இன்னிக்கி என்ன கிழமை?"

"இரும்மா" என்றார் பச்சமுத்து. அவர் கண் மனைவியை விட்டு நகரவில்லை.

"இது எந்த ஊருன்னாவது தெரியுதா?"

அவர் காதிலேயே வாங்கவில்லை. இதற்கு மேல் கேட்பது வீண் என்று மலர்விழி முடிவு செய்தாள். மறதி நோய், அதுவும் நன்றாக முற்றியது. கிழவரின் தலையை மொட்டையடித்திருந்தார்கள். மீசையைக்கூட விட்டுவைக்கவில்லை. பேன் பார்க்கச் சோம்பல்பட்டவர்களின் வேலை! ஆட்டு மந்தையைக்கூட இதைவிட மரியாதையாக நடத்துவார்கள் என்று தோன்றியது.

"ஏம்மா, இவர இத்தன நாளா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவணும்னு தோணவே இல்லியா?"

"அவருக்கு இன்னா கொற?" என்றாள் குஞ்சம்மாள். "நல்லாதான் துன்றாரு. கேள்விதான் கொஞ்சம் ஜாஸ்தி."

மலர்விழி உதட்டைச் சுழித்தாள். "பெத்தவங்கள இங்க போட்டுட்டு மலைக்கு யாவாரம் பாக்கப் போயிட்டானா உங்க புள்ள? ரொம்ப நல்ல புள்ளதான்."

அதே வகுப்பறையில் தங்கியிருந்த கலையரசி பதறிப்போய் அருகில் வந்தாள். "மேடம், அந்தப் புள்ள வந்து..." என்று தொடங்கியவள், குஞ்சம்மாள் நிமிர்ந்து பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

"அவனுக்குப் பரிஞ்சுக்கினு யாரும் வராதீங்க" என்றாள் மலர்விழி. " ஒரு ஃபோன் பண்ணக்கூடவா துரைக்கு நேரமில்ல?"

கலையரசி தன் இடத்துக்குத் திரும்பிவிட்டாள்.

பச்சமுத்துவை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று ஏற்பாடாயிற்று. வேன் வாசலுக்கு வந்தது.

"நான் வரல" என்று கிழவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அவள உட்டுட்டு நான் எங்கியும் வரமாட்டேன்."

"ரெண்டு நாளாவது அவங்க நிம்மதியா இருக்கட்டும் தாத்தா. உங்களோட மாரடிச்சே ஓய்ஞ்சிட்டாங்க." மலர்விழி கம்பியிலிருந்து அவர் விரல்களைப் பிரித்தாள். டிரைவர் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் வேனில் ஏற்றினார்.

வகுப்பறையில் குஞ்சம்மாளிடம் கேள்வி கேட்க யாரும் இல்லை. அவள் எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வேனைத் தாண்டி, பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி, ஆற்றுப் பக்கம் இறங்கும் பாதையில் விறுவிறுவென்று நடந்தாள்.

வேன் ஜன்னலுக்கு வெளியே கிழவர் தலையை நீட்டினார். "ஏய், குஞ்சம்மா! நம்ம புள்ள எங்கடி?"

அந்தக் குரலுக்கு அவள் நின்றாள். திரும்பி வந்தாள். "அங்கியும் போயி ஆரம்பிச்சுட்டியாய்யா? வெள்ளிமலைக்குத்தான் போயிக்கிறான், வந்துருவான்!" என்று கத்திவிட்டுப் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"பாத்தீங்களா? வண்டியில ஏறியும் அதே பாட்டு" என்று டிரைவரிடம் சிரித்தாள் மலர்விழி.

பச்சமுத்து அவள் கையைப் பிடித்தார். முதல் முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார். படியில் இருப்பவளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்ன எறக்கி உட்டுடும்மா. நான் கேட்டுக்கினே இருந்தாத்தான் அவ பதில் சொல்லிக்கினு குந்தியிருப்பா. இல்லன்னா அவனத் தேடிக்கினு ஆத்துல எறங்கிடுவா."

"அதுக்கு நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?" மலர்விழியின் குரலில் இளக்காரம் குறையவில்லை. "மலையில உக்காந்திருக்காரே உங்க சீமந்த புத்திரன், அவர வரச் சொல்லுங்க. வந்து பாத்துக்கட்டும்."

"அவனுக்குக் கொள்ளி வெச்சதே நாந்தாம்மா."