மூன்றாவது பெட்டி

"இன்னைக்குக் காலத்தே உங்க அம்மை என்கிட்டே பேசினா மக்கா. நல்லா ஏசவும் செய்தா."

தோளிலிருந்து பையை இறக்கக்கூட விடாமல் அப்பா செல்வதாஸ் இதைச் சொன்னபோது ஷிபு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அம்மா நேசபாய் இறந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது.

செல்வதாஸ் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாய் குலசேகரம் முழுக்கப் பிரசித்தம். மலையிறங்கி வந்த ஒற்றைக் கொம்பன் யானையைக் குடையை விரித்துக் காட்டியே பேச்சிப்பாறைக்குத் திருப்பி அனுப்பியவர் அவர். மின்னல் வெளிச்சத்திலேயே ரப்பர் ஷீட்டு உலர்த்தியிருக்கிறார். கடியப்பட்டணத்தில் வாங்கின நெய்மீன் ஒன்று சட்டியிலிருந்து எழும்பி, உப்பு போதாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் இப்படி ஒரு புளுகு வரும் என்று ஷிபு எதிர்பார்க்கவில்லை.

"அப்பா, இதிலே மட்டும் விளையாடாதீங்க."

"விளையாட்டா? நீ ஏற்பாடு பண்ணின நம்பரிலே கூப்பிட்டேன். பேசினா."

திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டே ஷிபு சொந்தத் தொழில் ஒன்றுக்கு அடிபோட்டிருந்தான். கல்ஃபில் இருப்பவர் ஒரு எண்ணைக் கூப்பிட்டு, வீட்டிலுள்ளவரின் போன் நம்பரை அழுத்தினால் போதும், அவர் பேசி வைத்த குரல் கேட்கும். நம்பர்தான் சாவி, குரல்தான் பொருள். சாவியைக் கொடுத்தால் பொருள் வரும். யார் அழுதுகொண்டே பேசினார்கள் என்று தேடச் சொன்னால் இந்த டேட்டாபேஸ் முழிக்கும்; அந்த மாதிரிக் கேள்விகளுக்கு வேறு வகை டேட்டாபேஸ் வேண்டும். ஆனால் லட்சம் பேர் ஒரே நேரத்தில் சாவியை நீட்டினாலும் இது திணறாது. ஒரு கம்ப்யூட்டர் பெட்டி படுத்தாலும் அடுத்தது பதில் சொல்லும். அதற்காக ஒவ்வொரு குரலும் மூன்று கம்ப்யூட்டர்களில் இருந்தது. ஒன்று அவன் அறையில், ஒன்று மார்த்தாண்டத்தில் நண்பன் டைட்டஸ் கடையில், மூன்றாவது இந்த வீட்டு முன்னறையில்.

சோதனைக்கு முதலில் பேசியவள் நேசபாய்தான். ஐப்பசியில் ஒரு நாள், மறுநாள் ஒரு முதலாளிக்குக் காட்ட வேண்டுமென்று, சோதனைக் குரல்களை எல்லாம் ஷிபு அழித்தான். அம்மாவுடையதும் போயிற்று. அம்மாதானே, எப்போது வேண்டுமானாலும் மறுபடி பேசச் சொல்லலாம் என்றிருந்தான். அடுத்த வாரம் அவளுக்கு நெஞ்சுவலி வந்தது.

அடக்கம் முடிந்து வந்து செல்வதாஸ் அந்த எண்ணைக் கூப்பிட்டார். குரல் இல்லை என்றது மெஷின். ஷிபு நடந்ததைச் சொன்னான். வாய் ஓயாத அந்த மனிதர் அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு ஏச்சு ஏசியிருந்தால்கூட அவனுக்கு ஆறியிருக்கும். அதற்குப் பிறகு அந்தத் தொழிலை அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அழிச்சா அழிச்சதுதான் அப்பா. மூணிலே ரெண்டு பெட்டி சரின்னு சொன்னாலே முடிஞ்சுது. ரெண்டும் சொல்லிச்சு, நான் பார்த்தேன்."

"அப்போ மூணாவது?"

"அழிச்ச அன்னைக்கு இங்கே கரண்ட் போச்சுன்னு நீங்கதானே போனிலே சொன்னீங்க. கரண்ட் வந்ததும் மத்த ரெண்டும் அதுக்கிட்டே சொல்லியிருக்கும்."

அழித்த இடத்தில் 'இது அழிந்தது' என்று ஓர் அடையாளம் பத்து நாள் இருக்கும் என்று விளக்கினான். தூங்கி எழுந்த பெட்டி அதைப் பார்த்துத் தானும் அழித்துக்கொள்ளும். பத்து நாளுக்கு மேலும் ஒரு பெட்டியைத் தூங்கப் போட்டு வைக்கிற மடையன் இந்தத் தொழிலில் கிடையாது.

"கிடையாது, கிடையாது," என்று தலையாட்டிக்கொண்டே செல்வதாஸ் போனை நீட்டினார். "நீ ஒருக்கா கூப்பிட்டுப் பாரு."

அவர் வாயை அடைத்தால் போதுமென்றுதான் ஷிபு எண்களை அழுத்தினான்.

"எலே ஷிபு, கேக்குதா? என்னத்தைப் பேச? கப்பை அவிச்சு வெச்சிருக்கு, வந்தா தின்னலாம். உங்க அப்பா மருந்து தின்னல்ல, ஊர் நியாயம் பேசிட்டு இருக்காரு. அவரு என்ன சொன்னாலும் பாதியைத் தள்ளிட்டுக் கேளு, கேட்டியா?"

ஷிபு அதே எண்களை அழுத்தினான். மறுபடி கேட்டான். மறுபடியும் கேட்டான். அதற்குப் பிறகுதான் புத்தி வேலை செய்தது. மூன்றாவது பெட்டி ஒரு மாதத்துக்கு மேல் தூங்கியிருக்கிறது. அதற்குள் மற்ற இரண்டும் அழித்த அடையாளத்தைத் தூக்கி எறிந்துவிட்டன. இது குரலோடு எழுந்து வந்ததும், ஏதோ புதுக் குரல் என்று அவையும் வாங்கி வைத்துக்கொண்டன.

இது எப்போது ஓடத் தொடங்கியது என்று கேட்டான். நேற்று சாயங்காலம் என்றார் செல்வதாஸ். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு பிளக் தேடிக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டாராம். அதன் வயர் பிளக்கிலிருந்து ஊரிக் கழன்று கிடந்ததாம். இரண்டையும் சேர்த்துச் செருகினாராம். பெட்டி எழும்பின சத்தத்தில் சந்தைமுக்கு வரை கோழி கூவிற்றாம்.

"கரண்ட் போனதுக்கு யாராவது வயரை ஊருவாங்களா அப்பா?"

செல்வதாஸின் சிரிப்பு நின்றது.

"அன்னைக்குக் கரண்ட் போகல்ல மக்கா. இடி. எந்த இடி வந்தாலும் பிளக்கிலே கை வைக்கக் கூடாதுன்னு நீ முன்னே உங்க அம்மையை ஏசி அழ வெச்சேல்லா, அதனாலே நீ கேட்டா கரண்ட் போச்சுன்னு சொல்லணும்னு என்னைக் கெஞ்சினா. டிவி, பிரிட்ஜ் ஒண்ணையும் தொடல்ல. அதெல்லாம் கருகினா சாரமில்லே, வேற வாங்கலாம், இதுக்குள்ளே மோனுக்க சோறு இருக்குன்னு சொல்லி இதைத்தான் ஓடிப்போய் ஊரினா. அந்த வாரம் பூரா இடி. திரும்பச் செருக என்னையும் விடல்ல. அவ போனதுக்குப் பிறகு எனக்கு அது ஞாபகமே இல்லே."

முன்னறைப் பெட்டியின் பிளக் இறுகியிருக்கிறதா என்று ஷிபு தொட்டுப் பார்த்தான்.

"இதிலே தள்ளுறதுக்குப் பாதி இல்லேப்பா," என்றான் கடைசியில். "அம்மை பேசத்தான் செய்தா."