மெயின் பாக்ஸ் சாவி

“உள்ள கால வெச்சிடாதே. அப்புறம் ரெண்டு பேருமே போயிடுவோம்.”

முக்காலியின் மேல் கொக்கு மாதிரி நின்றபடி கத்தினார் கடிகாரம் ரிப்பேர் செய்பவர். கீழே அறை முழுக்கத் தண்ணீர். கவிழ்ந்த வாளிக்குப் பக்கத்தில், மேசையிலிருந்து விழுந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பாதி முழுகிக் கிடந்தது.

வாசற்படியில் அவர் மனைவி. வெறுங்கால். கைகளைச் சால்வைக்குள் கட்டியிருந்தாள்.

“மெயினை ஆஃப் பண்ணும்மா, சீக்கிரம்.”

“எப்படிப் பண்றது? இப்பதானே பூட்டுப் போட்டுட்டு வந்தீங்க?”

அவர் பழைய இரும்பு பீரோவுக்குள் நாலு பல்பை மாட்டி, தக்காளி நாற்றுகளுக்குக் கதகதப்பாக ஒரு பெட்டி செய்திருந்தார். “கடிகாரத்துக்குள்ள போற கை இது, பல்பு மாட்டத் தெரியாதா?” என்று பெருமை வேறு. இவளோ பயந்து பயந்து மெயினை அணைத்துக்கொண்டே இருந்தாள். சற்றுமுன்னும் மெயின் பாக்ஸ் அருகே நின்றவளை விரட்டிவிட்டு, பூட்டைத் தொங்கவிட்டார். சாவி சட்டைப் பையில்.

எடுத்து வீசினார். கதவு நிலையில் பட்டுத் திரும்பி, தண்ணீருக்குள் ‘ப்ளக்’.

“போச்சு,” என்றாள்.

வாசற்படி நாலடி தூரம்தான். முக்காலி ஒரு பக்கம் ஆடியது. பிடித்துக்கொள்ள அந்த பீரோவை விட்டால் வேறு எதுவும் இல்லை. அதைத் தொடுவதைவிட ஆடிக்கொண்டே நிற்கலாம். அதன் கதவு ஆவென்று திறந்து கிடக்க, குளிர்காற்றில் நாற்றுகள் நடுங்கின. உள்ளே ஒரு பல்பும் எரியவில்லை. சூடு போதுமென்றால் தானே அணைந்து, குளிர்ந்தால் தானே எரியும்படி செய்தவர் அவர்தான்.

“எலக்ட்ரீஷியனுக்கு ஃபோன் போடு.”

“போடறேன். என்ன சொல்லட்டும்? பீரோவோட எர்த் ஒயரை நீங்களே பிடுங்கிப் போட்டீங்கன்னா?”

“அதை மாட்டினா ஃப்யூஸ் போகுது. கழட்டினா போகல. அப்ப தப்பு அதுலதானே?”

“நேத்து பீரோவைத் தொட்டேன், கை சுருக்குன்னுதுன்னேன். பிரமைன்னீங்க. நாளைக்குப் பொண்ணு வர்றா. அவ குழந்தை எதைக் கண்டாலும் பிடிச்சு எழுந்து நிக்குது. இந்த பீரோவையும் பிடிக்கும். அதுவும் பிரமையா?”

அந்தப் பிஞ்சு விரல்களை நினைத்ததும் முக்காலி இன்னும் அதிகமாக ஆடியது.

“தப்புதான். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சரின்னு சொல்ற வரைக்கும் பெட்டி வேணாம். நாத்து போனா போகட்டும். உன் மேல சத்தியம்.”

“என் மேல வேணாம். நாத்து மேல பண்ணுங்க, அப்பதான் நம்புவேன்.”

பண்ணினார்.

அவள் புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்கினாள்.

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சளக், சளக் என்று சத்தம் நெருங்கியது. ஈரக் கை ஒன்று அவர் காலைத் தொட்டது.

கண்ணைத் திறந்தார். ஒரு கையில் நனைந்த சாவி. இன்னொரு கையில் வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டை.

“நீங்க பூட்டறதுக்கு முன்னாடியே இதை உருவிட்டேன்.”