வளரியின் கறை

பழம்பொருள் கடைக்கு வந்த நாளிலிருந்து, வளரி என்ற அந்த எறிதடி ஒரே கதையைத்தான் அளந்தது. "நான் அரண்மனை ஆயுதம். இந்தக் கறை குதிரை ரத்தம்."

பக்கத்திலிருந்த வாள் கேட்டது: "மூலையில் கிடக்கும் ஓலைப்பெட்டி உன்னோடுதானே வந்தது?"

"அதுவா? யாரென்றே தெரியாது."

ஒருநாள் கடைக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்து வளரியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ரத்தமில்லை, புளிக்கறை," என்றது கண்ணாடி. "மரத்தில் எறிந்து புளியம்பழம் உதிர்த்திருக்கிறார்கள்." பிறகு ஓலைப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது. "உதிர்ந்ததைப் பொறுக்கிப் போட்டது இதில்தான். அதே கறை."

கடைக்காரர் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்தார். வாள் விழுந்து விழுந்து சிரித்தது.

பெட்டி வளரியிடம் மெதுவாகச் சொன்னது:

"நான் யார்கிட்டயும் சொல்லலண்ணே."