சட்டைப்பையைக் கேட்கவில்லை

பஸ்ஸில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போகிற ஹெட்போனுக்குப் போனின் சத்தம் போதவில்லை.

"சாமி பாட்டுகூடக் கொசு பாடுற மாதிரி இருக்குப்பா," என்று சலித்துக்கொண்டது.

"எனக்குத் தெம்பு அவ்வளவுதான். கூடவே எடுத்துப் போக ஓர் ஆம்ப்ளிஃபையர் பார்ப்போம்," என்றது போன்.

கடையில் இரண்டு இருந்தன. ஒன்று தீப்பெட்டி அளவு. இன்னொன்று செங்கல் கனம்.

"எனக்குப் பெரிசுதான் வேணும்," என்றது ஹெட்போன்.

எல்லாவற்றையும் சுமக்கிற சட்டைப்பை திடுக்கிட்டது. "கண்ணுங்களா, என் ஓரத்துத் தையல் ஏற்கெனவே..."

"பாட்டு விஷயம் பேசுறோம். துணிக்கு இதுல என்ன வேலை?" என்று ஹெட்போன் சிரித்தது. பெரிசே பைக்குள் ஏறியது.

மறுநாள் பாட்டு கோயில் மணி மாதிரி கணீரென்று கேட்டது. ஹெட்போன் சொக்கிப்போனது. அப்போது பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. டர்ரென்று தையல் கிழிந்தது. போனும் ஆம்ப்ளிஃபையரும் படிக்கட்டு வழியாக உருண்டு ரோட்டில் விழுந்தன.

வயர் பிடுங்கிக்கொண்டு தொங்கிய ஹெட்போனுக்குப் பாட்டே நின்றுவிட்டது.

"ஐயோ! முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று பையைப் பார்த்து அலறியது.

பை பாதி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"உனக்கு அடி ஒண்ணும் படலையே, கண்ணு?" என்று கேட்டது.